சதாயே அடைத்துவைத்த ஒரு சொட்டு வாயு

'ஞாயிற்றுக்கிழமைக் காடு' மாத இதழில் பழுதுபார்ப்புப் பக்கம் எழுதிவரும் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கிசராசுவிலிருந்து ஹமானோ இவாகிச்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

பிளம் மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. எங்கள் தெருவில் பிளம் மரம் கிடையாது. இருந்த ஒன்றையும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிவிட்டார். இருந்தாலும் கடிதத்தின் முதல் வரியில் பருவத்தைப் பற்றி எழுதாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று எங்கள் மாலைப் பள்ளி ஆசிரியை நொனாகா அம்மா சொல்லியிருப்பதால், பூத்துவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குளிர்காலத்தில் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் தங்கள் துப்பாக்கிகளுக்கும் ஒரு குறையும் வந்திருக்காது என்று நம்புகிறேன்.

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் தட்டைப் படகில் பிறந்தவன். எங்களுக்கு வீடும் அதுதான். இன்றைக்கு ஒரு துறை, நாளைக்கு வேறு துறை. படகு போகிற இடத்துக்கெல்லாம் பள்ளிக்கூடம் பின்னாலேயே நீந்தி வராது அல்லவா? வளர்ந்த பிறகு இழுவைப் படகில் எஞ்சின் ஆள் ஆனேன். எஞ்சினுக்குப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும். கல்யாணமான பிறகு எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் என் மனைவி சதாயே பார்த்துக்கொண்டாள். இப்போது எழுபதைத் தாண்டி நானே கற்றுக்கொண்டுவிட்டேன், ஐயா. உலகத்தில் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை! பேருந்தில் போகும்போது கண்ணில் படும் பலகையை எல்லாம் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். பல் வைத்தியர். பழைய டயர் வாங்கப்படும். இங்கே குப்பை போடாதே. போன வாரம் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "ஐயா, அடுத்த நிறுத்தத்தோட பேரையாவது நான் சொல்றேனே" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று விட்டுக்கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதும் நொனாகா அம்மா சொன்னதுதான். என்னிடம் ஒரு விளையாட்டுக் கைத்துப்பாக்கி இருக்கிறது. மணிமணியான பிளாஸ்டிக் குண்டுகளை வாயுவின் வேகத்தில் தள்ளிச் சுடும் வகை. குண்டும் வாயுவும் ஒன்றாகத் தங்கும் கூடு ஒன்று அதன் கைப்பிடிக்குள் செருகிக்கொள்ளும் என்பது தங்களுக்கே தெரியும். அந்தக் குண்டுக்கூடு கசிகிறது. வால்வில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்கிறது. வளையத்தை மாற்ற வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் வாயு கொஞ்சம்கூட வெளியே போகக் கூடாது. ஏனென்றால் அதை அடைத்தவள் சதாயே. அவள் இறந்து இது இரண்டாவது குளிர்காலம். அவள் கையால் செய்த வேலைகளில் இன்னும் முடியாமல் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். வாயுவை வெளியே விடாமல் வளையத்தை மாற்ற வழி உண்டா? இதுதான் என் கேள்வி. மேற்கொண்டு எழுதுவதெல்லாம் தாங்கள் நேரம் இருந்தால் படித்தால் போதும்.

சதாயே துப்பாக்கி எடுத்தது வயதான பிறகுதான். மோகி என்பவர் மலையடிவாரத்தில் ஒரு மூங்கில் காட்டை வளைத்து விளையாட்டுத் திடல் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வங்கியில் வேலை செய்பவர்களும் பிணவண்டி ஓட்டுபவர்களும் சிப்பாய் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து மதியம்வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை மறுபடியும் சுட்டுக்கொள்வார்கள். குழம்பு வைக்கத்தான் சதாயே போனாள். ஒருநாள் ஒரு அணியில் ஆள் குறைந்தது. "அக்கா, சும்மா மூங்கில் பின்னாடி உக்காந்திருங்க, போதும்" என்று மோகி அவள் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார். இடுப்பில் அகப்பை செருகியபடியே போய் உட்கார்ந்தவள் எதிர் அணியில் பாதிப் பேரைச் சாய்த்துவிட்டு, அடுப்பில் கேரட் குழைந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து திடலில் அவள் பெயர் குழம்பக்கா.

இந்த விளையாட்டில் குண்டு பட்டால் ரத்தம் வராது, சாயமும் ஒட்டாது. பட்டது பட்டவனுக்குத்தான் தெரியும். அவனே "பட்டுச்சு!" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்துவிட வேண்டும். சுட்டவன் உடனே நிறுத்திவிட வேண்டும். பட்டும் படாத மாதிரி ஓடிக்கொண்டிருப்பவனைச் செத்தும் திரியும் பேய் என்பார்கள். சதாயேவுக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது. ஒரு சின்னப் பையன், போலீசுக்குப் படித்துக்கொண்டிருந்தவன், சோற்றுத் தட்டோடு வரிசையில் நின்றான். அவள் அகப்பையைத் தூக்கியபடியே நிறுத்திக்கொண்டாள்.

"தம்பி, காலையில உனக்குப் பட்டுச்சு."

"இல்லக்கா, உரசிட்டுப் போச்சு."

"அப்படியா? சரி. வெறும் சோறு எடுத்துக்க. குழம்பு பட்டவங்களுக்கு."

பையன் வெறும் சோற்றைத்தான் தின்றான். பக்கத்தில் இருந்தவர் கொடுத்த பிளம் ஊறுகாயைக்கூட அவள் பார்த்த பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தங்கள் பக்கம் அதற்குத்தானே. அவளுடைய முதல் துப்பாக்கி மின்கலத்தில் ஓடுவது. "ஏங்க, உள்ளே பல்சக்கரம் கீச்சுகீச்சுனு கத்துது" என்று என்னிடம் கொண்டுவந்தாள். எஞ்சின் என்று வந்துவிட்டால் நான் யாரையும் கேட்பதில்லை. இழுவைப் படகின் சுழல்தண்டுக்குப் போடும் கறுப்புக் கிரீஸ் வீட்டில் ஒரு டப்பா இருந்தது. ரொட்டிக்குள் பயற்றுப் பூரணம் அடைப்பதுபோல் பல்சக்கரப் பெட்டி நிறைய அடைத்து, மூடி, மிஞ்சியதைச் சுருள்வில்லுக்கும் தடவிவிட்டேன். கீச்சுச் சத்தம் நின்றது. ஆனால் கிரீஸ் மெல்ல மெல்லக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அவள் நேராகக் குறிவைத்துச் சுட்டாள். குண்டு கொஞ்ச தூரம் நேராகப் போய், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வலப்பக்கம் திரும்பி, வலைக்கு மேலே ஏறி, கொட்டகையில் மிசோ சூப் குடித்துக்கொண்டிருந்த மோகியின் காதில் பட்டது. மோகி நல்ல மனிதர், விதி தெரிந்தவர். ஆட்டத்திலேயே இல்லாதவர், இருந்தும் "பட்டுச்சு!" என்று கத்திக் கையைத் தூக்கிவிட்டார். பிறகுதான் யோசித்தார், கொட்டகைக்குப் போக வேண்டுமே, ஆனால் ஏற்கெனவே கொட்டகையில்தானே இருக்கிறோம் என்று. கிண்ணத்தோடு கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

அதைச் சரிசெய்கிறேன் என்று குழாயை எஞ்சின் கழுவும் மருந்தடித்துச் சுத்தம் செய்தேன். குண்டைச் சுழற்றிவிடும் சின்ன ரப்பர் ஒன்று உள்ளே இருக்கிறது அல்லவா, அது சூப்பில் ஊறிய நூடுல்ஸ் மாதிரி உப்பிவிட்டது. மறுநாள் காலை சதாயே சமையலறையில் நின்று தங்கள் பக்கத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கொன்றுவிடும், சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்" என்று எழுதியிருந்தீர்கள். "ஒரு சொட்டாம்ங்க, எஞ்சின்காரரே. ஒரு வாளின்னு போடல" என்றாள். அதற்குப் பிறகு அவள் துப்பாக்கிகளைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பார்க்கலாம்.

பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் மின் துப்பாக்கியில் குண்டில்லாமல் ஒரே ஒருமுறை சுட்டுவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். சுருள்வில் இறுகிய நிலையிலேயே கிடந்தால் நாளடைவில் வலு போய்விடும். "வேலை முடிஞ்சா அதுவும் காலை நீட்டிப் படுக்கணுமில்லீங்களா?" என்பாள். வாயுக் கைத்துப்பாக்கிக்கு நேர்மாறான வைத்தியம். கூட்டைக் காலியாக வைத்தால் வளையங்கள் காய்ந்து வெடித்துவிடும் என்று கடைசியில் ஒரு 'புஸ்' வாயு அடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி முடிச்சுப் போடுவாள். ஒன்றை விட்டுவிட வேண்டும், இன்னொன்றைப் பிடித்து வைக்க வேண்டும். எது எதற்கு என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். அவளுக்குக் குழம்பியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பல்வலி. திடலுக்குப் போகவில்லை. கடைசி ஆட்டம் முடிந்து கொட்டகையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள் என்றார்கள். மூளையில் ரத்தம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் விரல்கள் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. நர்ஸ் துடைக்க வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாவு வீட்டில் வைக்கப் படம் தேடினோம். கடைசிச் சில ஆண்டுகளில் எடுத்த எல்லாப் படத்திலும் முகத்தை மூடிய கவசமும் கண்ணாடியுமாகத்தான் இருக்கிறாள். "இது அம்மாதானா, வேற யாராவதாப்பா?" என்று என் மகள் மிஹோ ஒவ்வொரு படத்தையும் என்னிடம் காட்டிக் காட்டி அழுதாள். நின்ற விதத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் நின்ற விதத்தைச் சட்டம் போட்டு மாட்ட முடியாதே. கடைசியில் ஓட்டுநர் உரிமத்திலிருந்த படத்தைப் பெரிதாக்கினோம். அதில் யாரோ அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் முறைக்கிறாள்.

எல்லாம் முடிந்த பிறகு மோகி அவள் பையைக் கொண்டுவந்தார். கைத்துப்பாக்கி மஞ்சள் துணிக்குள் இருந்தது. கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே அழுத்தத்தில் திரவமாகிக் கிடக்கும் வாயு சளக் என்றது. துணியின் முடிச்சுதான் கோணல். சதாயேவின் முடிச்சு எப்போதும் நேராக இருக்கும், படகில் போடுகிற முடிச்சு, நான் சொல்லிக்கொடுத்தது. அதுவரை அழாமல் இருந்தவன் அந்தக் கோணல் முடிச்சைப் பார்த்ததும் உடைந்துபோனேன், ஐயா. கை தளர்ந்துபோயிருக்கிறது, தலை வலித்திருக்கிறது, அப்போதும் வாயு அடைத்து, துணி சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே சாய்ந்திருக்கிறாள்! மோகியும் அழுதார். என்னைவிட அதிகமாகவே அழுதார்.

அவள் போன பிறகும் தங்கள் இதழ் மாதம் தவறாமல் வந்தது. பிரிக்காமலே அடுக்கி வைத்தேன். அப்போதுதான் கூட்டில் கசிவு தொடங்கியது. ஒரு கோப்பைத் தண்ணீரில் முக்கினால் வால்வோரம் பொடிப்பொடியாகக் குமிழ். இதற்கு மருந்து அந்த அடுக்குக்குள்தான் எங்கோ இருக்கிறது, ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது. மிஹோ வந்தபோது ஓர் இதழைக் கொடுத்தனுப்பினேன், அவள் தன் வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் படித்துக் காட்டினாள். பாதியில், "அப்பா, அம்மா போயாச்சுப்பா. இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கேட்டாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு மாலைப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். எதைப் படிக்க ஆசை என்று நொனாகா அம்மா முதல் நாள் எல்லோரையும் கேட்டார். ஒருவர் ரயில் நிலையப் பெயர் என்றார், ஒரு அம்மாள் பேத்தியின் கடிதம் என்றாள். நான் "வால்வுக் கசிவு" என்றேன். நொனாகா அம்மா முகம் மாறாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நல்ல ஆசிரியை.

மோகி மாதாமாதம் சதாயே இறந்த தேதியில் ஊதுபத்தி ஏற்ற வருவார். நான் துப்பாக்கியையும் கூட்டையும் எடுத்து அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போவேன். கொளுத்தும் வெயிலிலும் மேல்சட்டையைக் கழற்றமாட்டார், அவ்வளவு மரியாதை. "தண்ணி நல்லாக் கொதிக்கட்டும்ணே, அவசரமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அவர் வந்துபோன மறுநாள் கூட்டை ஆட்டினால் சளக்கென்ற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும். திடல் ஆளைப் பார்த்தால் சதாயேவுக்குச் சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கசிவைப் பற்றி அவரிடமும் கேட்டேன்.

"ஒரு ரப்பர் வளையம்தாண்ணே. கேஸை விட்டுட்டு மாத்திடலாம்."

"விடக் கூடாது."

"விட்டாத்தானே கழட்ட முடியும்? அழுத்தத்தோட கழட்டினா வால்வு பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"இப்படியே இன்னும் எத்தனை காலம்ணே? எனக்கும் வயசாகுதில்ல?"

அவருக்கு வயதாவதற்கும் கூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோடை வந்தது. சூட்டில் வாயு விரியும், விரிந்தால் கசியும் என்று கணக்குப் போட்டுக் கூட்டைக் குளிர்பெட்டியில் டோஃபுவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரிலிருந்து வந்த மிஹோ டோஃபு எடுக்கத் திறந்தாள்.

"அப்பா, இது என்ன?"

"அம்மா."

கதவு திறந்திருக்கிறது என்று குளிர்பெட்டி பீப் பீப் என்று கத்தும்வரை அவள் அப்படியே நின்றாள். மறுநாளே என்னை மறதி வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், எல்லாம் சாதாரணம். பிறகு ஒரு காகிதத்தைத் தள்ளி, "ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்க" என்றார். ஐயா, என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! என் வாழ்க்கையில் எழுதும் முதல் பரீட்சை. யார், எங்கே, எப்படி என்ற மூன்றும் இருந்தால்தான் வாக்கியம் நிறைவாக இருக்கும் என்று நொனாகா அம்மா சொல்லியிருக்கிறார். நிதானமாக யோசித்து எழுதினேன்: 'என் மனைவி குளிர்பெட்டியில் டோஃபுவுக்குப் பக்கத்தில் நலமாக இருக்கிறாள்.'

வைத்தியர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பு ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றார் மெதுவாக.

"டாக்டர், அம்மா இல்ல அது" என்று மிஹோ குறுக்கே பாய்ந்தாள். "அம்மாவோட துப்பாக்கி."

வைத்தியர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். சாயங்காலமே வீட்டு வாசலில் காவலர் வந்து நின்றார்.

இளம் காவலர்தான், பணிவானவர். துப்பாக்கியைப் பார்த்ததும் விளையாட்டுத் துப்பாக்கி என்று தெரிந்துகொண்டார். கூடு எங்கே என்று கேட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தார். எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார், உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்க்க எல்லா ஆட்டக்காரர்களும் செய்வதுபோல் கட்டைவிரலை வால்வின்மேல் வைத்தார். இன்னும் ஒரு அழுத்து, அவ்வளவுதான். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"பட்டுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் விரல் அப்படியே நின்றது. அந்தச் சொல்லைக் கேட்டால் எந்த ஆட்டக்காரனின் கையும் தானாக நின்றுவிடும். மிஹோதான் கையில் பாத்திரத்தோடு ஓடிவந்து, "எங்கேப்பா? எங்கே பட்டுச்சு?" என்று என் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

காவலர் படத்தைப் பார்த்தார். படம் அவரை முறைத்தது. தொப்பியைக் கழற்றி அப்படியே மண்டியிட்டுவிட்டார். "குழம்பக்கா வீடாங்க இது? எனக்கு வெறும் சோறு போட்டவங்க ஐயா. அன்னியிலேருந்து சட்டை நுனியில பட்டாலும் கத்திடறேன்." அவர்தான் அந்தப் பையன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குளிர்ல ரப்பர் சுருங்கும்ங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னும்தான் கசியும்."

ஆக, நான் காப்பாற்றுகிறேன் என்று அவளை இன்னும் வேகமாகப் போக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கூடு, குளிருக்கு வயிற்றைச் சுற்றிப் போடும் என் துணிப் பட்டைக்குள் இருக்கிறது. உடம்புச் சூடு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கம்பளித் துணியில் சுற்றி வைப்பேன். போன வாரம் பள்ளியில் எல்லோரும் தலைகுனிந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது என் வயிற்றுப் பக்கமிருந்து ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். பேத்தி கடிதத்துக்காரம்மாள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவமானம் கிடக்கட்டும். அவ்வளவு நீளமாக அது இதுவரை மூச்சு விட்டதில்லை. அதனால்தான் பரீட்சையைப் பாதியில் வைத்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

கோடை மறுபடியும் வரும், ஐயா. இந்த வளையம் அதுவரை தாங்காது. தாங்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பல்சக்கரத்தின் பல் உடைந்தவருக்குச் சொன்னீர்கள், மழையில் நனைந்த குண்டு உப்பிக் குழாயில் சிக்கியவருக்குச் சொன்னீர்கள். எனக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். தங்கள் சுருள்வில்கள் தளராமலும், பல்சக்கரங்கள் தேயாமலும், ரப்பர் வளையங்கள் காயாமலும், வீட்டில் உள்ள அனைவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றும் சதாயேவின் சார்பிலும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஹமானோ இவாகிச்சி (என் கையெழுத்து)

பின்குறிப்பு: என் கேள்விக்குப் பதில் வேண்டாம்.

உறையில் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை மோகிக்குப் படித்துக் காட்டினேன். நான் ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று யாரிடமாவது காட்ட வேண்டாமா? குண்டு காதில் பட்ட இடத்தில் சிரித்தார். கோணல் முடிச்சு வந்த இடத்தில் முகத்தை மூடிக்கொண்டார். நான் தொடர்ந்து படித்தேன். தேநீர் போடும் இடம் வந்ததும், "போதும்ணே, நிறுத்துங்க" என்று மேல்சட்டைக்குள் கைவிட்டு ஒரு சின்ன வாயுக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்த முடிச்சு நான் போட்டதுண்ணே. எனக்கு முடிச்சுப் போட வராது. அக்கா துடைச்சிக்கிட்டு இருந்தாங்க, பாதியில சாஞ்சுட்டாங்க. கடைசி ஆட்டத்துல எல்லாத்தையும் சுட்டுத் தீத்துட்டாங்க, கூடு காலி. காலியா வெச்சா ரப்பர் காஞ்சிடும், அக்கா திட்டுவாங்களேன்னு நான்தான் ஒரு புஸ் அடைச்சேன். நீங்க அதைக் காதுல வெச்சு ஆட்டிப் பாத்துட்டு அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? கசியுதுன்னீங்க. தீந்துபோச்சுன்னா தாங்கமாட்டீங்களேன்னு வர்றப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்..."

ஆக, ஐயா, இத்தனை நாளும் டோஃபுவுக்குப் பக்கத்தில் நலமாக இருந்தது மோகி. என் வயிற்றுச் சூட்டில் கிடந்ததும் மோகி. பரீட்சையில் சத்தம் போட்டதும் மோகிதான். கோபப்பட வேண்டும் என்று கொஞ்ச நேரம் முயன்று பார்த்தேன், வரவில்லை. அவள் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். எதையும் பாதியில் மிச்சம் வைத்துவிட்டுப் போகவில்லை. அது ஒரு வகையில் நல்ல சேதிதானே?

ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனோம். அவள் போன பிறகு நான் அங்கே போவது இதுதான் முதல் தடவை. மூங்கில் பக்கமாக நின்று கூட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலால் வால்வை அழுத்தினேன். வெள்ளையாக ஒரு புகை வந்தது, விரல் ஜில்லென்று மரத்துப்போனது, பிறகு ஒன்றுமில்லை. ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எங்களைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என்னை யாரும் சுடவில்லை. ஆனால் பட்டது பட்டவனுக்குத்தான் தெரியும் என்பது விதி.

"பட்டுச்சு!" என்றேன். குரல் சரியாக வரவில்லை என்று இன்னொருமுறை சொன்னேன். கையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். வழியில் இருந்தவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். யார் சுட்டது என்று யாரும் கேட்கவில்லை.

கொட்டகையில் மோகி புது வளையத்தை மாட்டிக்கொடுத்தார். சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, நான் போட்டேன். ஒரு புஸ் வாயுவும் நானே அடைத்தேன். துணியில் சுற்றி நேரான முடிச்சுப் போட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, எழுத அவ்வளவு நாள் ஆனது. அதனால் அனுப்புகிறேன், மன்னியுங்கள்.

இப்போதெல்லாம் குழம்பு வைப்பது மோகிதான். அன்றைக்கு எனக்கும் ஒரு தட்டுப் போட்டார். உப்பு மிக அதிகம். இருந்தாலும் பட்டவர்களுக்கு உரியது என்று முழுவதும் சாப்பிட்டேன்.